ட்ரம்பெட் மவுத்பீஸ் ஒப்பீடு: ஒரு வெர்னியர், கொஞ்சம் மெல்லிய தாள்

என்னுடைய பி ஃப்ளாட் ட்ரம்பெட்டுடன் வந்தது ஒரு 7சி வகை மவுத்பீஸ், அதாவது உதட்டை வைத்து ஊதும், கழற்றி மாற்றக்கூடிய வாய்ப்பகுதி. தயாரித்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை, 7சி என்று மட்டும் பொறித்திருக்கும். அதில் இரண்டு தொந்தரவு. மெதுவாக ஆரம்பித்தால் முதல் சத்தம் வராமல் வெறும் காற்று போகும், இல்லையென்றால் உடைந்து வரும். அப்புறம், ஸ்டாஃபின் மேலே உட்காரும் ஜி-யைத் தாண்டினால் சுருதி ஏறிவிடும், நாதமும் ஒல்லியாகிவிடும். உதடு இன்னும் பழகவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் குழுவில் என் பக்கத்தில் வாசிப்பவரின் 3சி-யை (பாக் நிறுவனம் செய்தது) வாங்கி என் ட்ரம்பெட்டில் போட்டு ஊதினால் இரண்டு தொந்தரவும் கண்ணெதிரே குறைந்தன.

சரி, 3சி வாங்கிவிட வேண்டியதுதான் என்று தோன்றும். எனக்கு அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. 3சி-யில் எனக்கு உதவியது எது? ரிம்மா (உதடு படும் வளையம்), கப்பா (அதற்குள் இருக்கும் கிண்ணம்), த்ரோட்டா (கிண்ணத்தின் அடியில் உள்ள துளை), இல்லை அது ட்ரம்பெட்டுக்குள் போய் உட்காரும் விதமா? அது தெரியாமல் வாங்கினால் அடுத்த மவுத்பீஸையும் குருட்டாம்போக்கில்தான் தேட வேண்டும். அதனால் கூட வாசிப்பவர்களிடம் கேட்டு பாக் 5சி, 3சி, 1½சி, யமஹா 11பி4, ஷில்க்கி 14ஏ4ஏ எல்லாவற்றையும் இரவல் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தேன்.

முதலில் இந்த எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். பாக் வரிசையில் எண் குறையக் குறைய கப்பின் வாய் அகலமாகும். எழுத்து ஆழத்தைச் சொல்லும்: ஏ மிக ஆழம், சி நடுத்தரம், ஈ பக்கம் போனால் ஆழம் குறைவு. ஷில்க்கியிலும் யமஹாவிலும் இது அப்படியே தலைகீழ். எண் ஏறினால் அகலம் ஏறும், ஏ என்றால் ஆழம் குறைவு. அதற்கு அடுத்த எண் ரிம்மின் வளைவைச் சொல்வது, கடைசியில் சிறிய எழுத்து வந்தால் அது பேக்போர், அதாவது த்ரோட்டுக்குப் பின்னால் விரிந்துகொண்டு போகும் உள்துளை. இரண்டு நிறுவனத்துக்கும் முறை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, சிகாகோ சிம்ஃபனியில் வாசித்த ரெனால்ட் ஷில்க்கி பிற்பாடு யமஹாவுக்கு ஆலோசகராகவும் இருந்தவர்.

இப்போது கப்பின் வாய் விட்டத்துக்கு நிறுவனங்களே அச்சிடும் அளவுகளைப் பாருங்கள். பாக் 7சி 16.20 மி.மீ., 5சி 16.25, 3சி 16.30. அதாவது 7-க்கும் 3-க்கும் நடுவே அட்டவணைப்படி இருப்பது 0.10 மி.மீ. மட்டும்தான். ஆனால் 3-இல் இருந்து 1½-க்குப் போனால் ஒரே தாவலாக 17.00. யமஹா 11பி4 பொதுவாக 7சி-க்கு இணை என்று சொல்லப்படுவது, அட்டவணையில் அதன் அளவு 16.46. இது 3சி-யைவிடப் பெரியது! எந்த ஆழத்தில் வைத்து விட்டத்தை அளப்பது என்பதில் எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது, ரிம்மின் உள்விளிம்பு வளைந்துதான் கீழே இறங்குகிறது என்பதால் கால் மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ அளந்தால் எண் மாறிவிடும். ஆகவே ஒரே நிறுவனத்துக்குள் இந்த எண்களை ஒப்பிடலாம், இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. ஒரே நிறுவனத்துக்குள்ளும் காலம் மாறினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வின்சென்ட் பாக் 1918-இல் நியூயார்க்கில் காலால் மிதித்து ஓட்டும் லேத் ஒன்றை வாங்கி மவுத்பீஸ் கடைய ஆரம்பித்தார், 1953-இல் தொழிற்சாலை மவுண்ட் வெர்னனுக்குப் போனது, 1961-இல் செல்மர் நிறுவனம் வாங்கிய பிறகு எல்கார்ட்டுக்குப் போனது. ஒவ்வொரு காலத்திலும் அதே எண் கொஞ்சம் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது, அதனால்தான் பழைய மவுண்ட் வெர்னன் 3சி-யைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி வேலை. ஊதிப் பார்ப்பதற்கு முன்னால் நான் அளந்தது கப்பை அல்ல, இடைவெளியை. மவுத்பீஸின் ஷேங்க் (அதன் வால்பகுதி) ரிசீவருக்குள் (அதை வாங்கிக்கொள்ளும் ட்ரம்பெட்டின் வாய்க்குழல்) போய் இறுகும்போது அதன் நுனி நிற்கும் இடத்துக்கும், உள்ளே லீட்பைப் (ட்ரம்பெட்டின் முதல் குழாய்) ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சின்ன வெற்றிடம் இருக்கும். பொதுவாக எட்டில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ., என்று சொல்வார்கள். அது சட்டம் அல்ல, ட்ரம்பெட்டுக்கு ட்ரம்பெட் மாறும், வாசிப்பவரைப் பொறுத்தும் மாறும், ஆரம்பிக்க ஒரு இடம் அவ்வளவுதான். ஆனால் ஒன்றின் இடைவெளி 1 மி.மீ., இன்னொன்றுக்கு 4 என்று வைத்துக்கொண்டு இரண்டையும் ஊதி "இந்த கப் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் நாம் மாற்றியது கப் மட்டும் இல்லை.

அளக்கும் முறை சுலபம். வெர்னியர் காலிப்பரின் பின்னால் நீளும் ஆழக்கம்பியை ரிசீவருக்குள் விட்டு, லீட்பைப்பின் விளிம்பில் அது தட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பியைச் சுவரோடு ஒட்டிச் சரித்துக்கொண்டு போனால்தான் விளிம்பு தட்டும், நடுவில் விட்டால் நேராக லீட்பைப்புக்குள் போய்விடும். வேகமாகக் குத்தக்கூடாது, அந்த விளிம்பு மெல்லியது. அடுத்தது, மவுத்பீஸை எப்போதும் வைப்பதுபோல லேசாகத் திருகி வைத்து, ரிசீவரின் வாய் ஷேங்கில் படும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. வெளியே எடுத்து ஷேங்க் நுனியிலிருந்து கோடு வரை அளந்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியும், பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் அளவிலிருந்து இதைக் கழித்தால் இடைவெளி. கை கொஞ்சம் நகர்ந்தாலும் அளவு மாறுவதால் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப அளந்து, ஒத்துவந்த எண்ணைத்தான் குறித்துக்கொண்டேன். (லீட்பைப் வெளியிலிருந்தே ரிசீவராகத் தொடரும் அமைப்பில் இந்த விளிம்பே இருக்காது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.)

கிடைத்தது இதுதான். 3சி-க்கு இடைவெளி 3 மி.மீ.-க்கு மிக அருகில். 1½சி-யும் 11பி4-உம் அதற்குக் கொஞ்சம் முன்பின். என் பழைய 7சி-க்கு 1 மி.மீ. கூட இல்லை, அதன் ஷேங்க் ஒரு நூல் மெலிதாகக் கடையப்பட்டிருக்கிறது, அதனால் ஆழமாகப் போய் லீட்பைப்பைக் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கிறது. 5சி வேறு ரகம்: உள்ளே வைத்தால் இறுகாமல் லேசாக ஆடியது. நுனியைப் பார்த்தால் எப்போதோ கீழே விழுந்து வட்டம் நசுங்கி நீள்வட்டமாகியிருந்தது.

5சி-யின் நுனியை முதலில் சரிசெய்தேன், உடையவரிடம் கேட்டுவிட்டுத்தான். இதற்கென்று கூம்பாகக் கடைந்த எஃகுக் கம்பி கிடைக்கிறது. அதை நுனிக்குள் விட்டு, மவுத்பீஸை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே கம்பியின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் மிக லேசாகத் தட்ட வேண்டும். பித்தளை சுலபமாக வளைந்துகொடுக்கும், அவசரப்பட்டு ஓங்கித் தட்டினால் நுனி விரிந்து பூப்போல ஆகிவிடும், அப்புறம் ரிசீவருக்குள் போகாது. கொஞ்சம் தட்டு, எடுத்து வெர்னியரில் இரண்டு பக்கமும் அளந்து பார், மறுபடி கொஞ்சம். வட்டமானதும் ஆட்டம் நின்றது. நுனி நசுங்கியிருந்தால் காற்று போகும் துளையும் அங்கே நசுங்கியிருக்கும், எனவே ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்யாமல் இருக்க முடியாது.

7சி-க்குத் தேவைப்பட்டது தாள். ஷேங்கின் சரிவு ஏறக்குறைய 20-க்கு 1, அதாவது 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. கூடும். இதைத் திருப்பிப் போட்டால் சுவாரஸ்யமான ஒன்று கிடைக்கும்: விட்டத்தில் 0.1 மி.மீ. ஏற்றினாலே மவுத்பீஸ் 2 மி.மீ. வெளியே வந்துவிடும். பிரின்ட் எடுக்கும் சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ., அதை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.2 ஏறும், மவுத்பீஸ் 4 மி.மீ. வெளியே வரும். அது ரொம்ப அதிகம். அதனால் சிகரெட் சுருட்டும் தாள் மாதிரி மிக மெல்லியதாக ஒன்று வேண்டும். தாளை எட்டாக மடித்து வெர்னியரில் அளந்து எட்டால் வகுத்தால் தடிமன் தெரிந்துவிடும். என்னிடம் இருந்தது 0.025-க்குப் பக்கத்தில் வந்தது, ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. என்று கணக்கு. இரண்டு சுற்று சுற்றியதில் இடைவெளி 3-க்கு அருகே வந்தது. தாளின் விளிம்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்கும்படி வெட்ட வேண்டும், ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் தடித்து மவுத்பீஸ் சரிந்து உட்காரும். ஷேங்க் நுனியைத் தாண்டித் தாள் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

அப்புறம் ஊதினேன். அதே பழைய 7சி, அதே உதடு, ஆனால் மெதுவாக ஆரம்பிக்கும்போது காற்று மட்டும் போவது பெருமளவு நின்றுவிட்டது. அடைத்துக்கொண்ட மாதிரி இருந்த எதிர்ப்பும் தளர்ந்தது. 3சி-யின் குணம் என்று நான் நினைக்கக்கூடியதில் பாதி, 3சி-யிடம் இல்லவே இல்லை, அந்த 2 மி.மீ.-இல் இருந்தது. இந்த ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாங்குவதற்கு முன்னால் இதை அளந்து பாருங்கள், ஒரு வெர்னியரும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

மீதிப் பாதிக்கு வருவோம். எல்லாவற்றையும் தாள் வைத்து ஏறக்குறைய ஒரே இடைவெளிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ரிம், கப் ஒப்பீட்டை ஆரம்பித்தேன். வாசித்தது எப்போதும் ஒன்றுதான்: நடு ஜி-யில் மிக மெதுவான நீண்ட சுரம், முதலில் நாக்கு இல்லாமல் வெறும் மூச்சால், பிறகு நாக்கோடு. கீழ் ஸி, நடு ஜி, அதற்கு மேல் ஸி, அதற்கு மேல் ஜி என்று வால்வு தொடாமல் ஏறி இறங்குவது. அடியில் எஃப் ஷார்ப். கடைசியில் ஒரு பழகிய மெட்டு, சத்தமாகவும் மெதுவாகவும். ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) ஒவ்வொரு மவுத்பீஸுக்கும் நடு ஸி சரியாக வரும்படி வைத்துக்கொண்டு, மற்ற சுரங்கள் எங்கே நிற்கின்றன என்று ட்யூனரைப் பார்த்து வேறு ஒருவர் குறித்தார். வாசிப்பவரே முள்ளைப் பார்த்தால் உதடு தானாகவே சுருதியை இழுத்துச் சரிசெய்துவிடும், அது மவுத்பீஸின் குணத்தை மறைத்துவிடும்.

ரிம் பற்றி. 7-க்கும் 3-க்கும் அட்டவணையில் 0.10 மி.மீ. என்றேன் அல்லவா, வாயில் வைத்தால் அப்படித் தெரியாது. 3சி கணிசமாகப் பெரிதாகத் தெரிகிறது. காரணம் என் 7சி-யின் உள்விளிம்பு கூர்மை, 3சி-யில் அது உருண்டிருக்கிறது. கூர்மையான விளிம்பு உதட்டைத் தெளிவாகப் பிடிக்கும், சத்தத்தின் ஆரம்பம் துல்லியமாக இருக்கும், ஆனால் நீண்ட நேரம் வாசித்தால் அந்த இடத்தில் வலிக்கும். உருண்ட விளிம்பில் உதடு நகர இடம் இருக்கிறது, சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போவது சுகமாக இருக்கிறது, ஆனால் ஆரம்பத்தை நாமே கவனமாகச் செய்ய வேண்டும். ரிம்மின் மேல் வளைவில் மிக உயரமான புள்ளி உள்பக்கம் இருக்கிறதா வெளிப்பக்கமா என்பதும் முக்கியம், அந்தப் புள்ளியில்தான் உதடு அகலத்தை உணர்கிறது. 14ஏ4ஏ காகிதத்தில் 3சி-யைவிட அகலமானது, என் வாய்க்கு அது சிறியதாகத்தான் பட்டது. தடித்த உதடு இருந்தால் பெரிய மவுத்பீஸ் என்று சொல்வதையும் நான் நம்பவில்லை. உதட்டுக்குப் பின்னால் பல் எப்படி இருக்கிறது என்பது அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது.

கப்பின் கொள்ளளவை ஒப்பிட, த்ரோட்டைக் கீழிருந்து மெழுகு தடவிய குச்சியால் அடைத்து, ரிம் மட்டம் வரை சிரிஞ்சால் தண்ணீர் விட்டேன். 3சி-க்கும் 5சி-க்கும் வித்தியாசம் சொட்டுக் கணக்குத்தான். 14ஏ4ஏ மட்டும் தெளிவாகக் குறைவு. உள்ளங்கையால் ரிம்மைத் தட்டினால் "பொக்" என்று வரும் சத்தத்திலும் இது கேட்கும், கப் சிறிதானால் அந்தச் சத்தத்தின் சுருதி ஏறும். கப்பும் த்ரோட்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியைத் தூக்கிக் கொடுக்கின்றன, கப் சிறுத்தால் அந்தப் பகுதி மேலே போகிறது, நாதம் பளிச்சென்று ஆவது அதனால்தான். சுருதிக்கும் இதில் பங்கு உண்டு. கீழ் சுரங்களில் மவுத்பீஸ் தன் கொள்ளளவுக்குச் சமமான ஒரு குழாய்த் துண்டாக நடந்துகொள்ளும், மேலே போகப் போக அந்தத் துண்டு நீண்டது போன்ற விளைவு வரும், அதுதான் மேல் சுரங்களை இறக்கிப் பிடிக்கிறது. கப் ரொம்பச் சிறுத்தால் அந்த இறக்கம் போதாது. 14ஏ4ஏ-யில் ட்யூனிங் ஸ்லைடை அதிகம் இழுக்க வேண்டியிருந்தது, இழுத்த பிறகும் மேல் ஜி மற்றவற்றைவிட ஏறித்தான் நின்றது. அதோடு, ஆழம் குறைந்த கப்பில் அழுத்தி ஊதினால் உதடு கப்பின் அடியைத் தொட்டுச் சத்தம் பட்டென்று நின்றுபோகும். எனக்குச் சத்தமாக வாசிக்கும்போது அது நடந்தது, உதட்டை அதிகம் உள்ளே விடாதவர்களுக்கு நடக்காது. லீட் ட்ரம்பெட் (குழுவில் மேல் சுரங்களைத் தலைமையாக ஊதும் பகுதி) வாசிப்பவர்கள் 14ஏ4ஏ-யை விரும்புவதற்குக் காரணம் கண்கூடு, பெரிய சத்தத்துக்கு மேலே அறுத்துக்கொண்டு போகிறது. ஆனால் "மேல் சுரம் தானாக வரும்" என்று சொல்வது உண்மை இல்லை. எனக்கு வராத சுரம் அதிலும் வரவில்லை, வருகிற சுரம் இன்னும் தூரம் போனது.

1½சி-யை மிகவும் ரசித்தேன். கீழ் சுரங்கள் அகலமாக, இருட்டான இனிமையோடு வந்தன, கீழ் எஃப் ஷார்ப் அதைப்போல வேறு எதிலும் வரவில்லை. ஆனால் ஒத்திகையின் பின்பாதியில் உதடு விட்டுவிட்டது. தினமும் பல மணி நேரம் வாசிக்கிறவர்களுக்கு அது சரி.

த்ரோட், பேக்போர் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் சோதனை இல்லை. பாக்கில் வழக்கமான த்ரோட் 27-ஆம் எண் துரப்பணத்தின் அளவு, 3.66 மி.மீ. 26-ஆம் எண் 3.73. வித்தியாசம் ஒரு முடியின் தடிமன் அளவுதான், ஆனாலும் வாசிப்பவர்கள் அதை உணர்கிறார்கள். வீட்டில் துளையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், எடுத்த பித்தளையைத் திரும்ப வைக்க முடியாது. கப்பை மட்டும், பேக்போரை மட்டும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வார்பர்ட்டன் போன்றவர்கள் இரண்டு துண்டாகத் திருகும் மவுத்பீஸ் செய்கிறார்கள். ரிம்மைத் தனியாகக் கழற்றும் வகையும் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துக் கேட்பதற்கு அதைவிட நேர்மையான வழி இல்லை.

கடைசியாக, கேட்பவர் பக்கம். வாசிக்கும்போது நம் காது பெல்லுக்குப் பின்னால் இருக்கிறது, போதாததற்கு மவுத்பீஸின் அதிர்வு பல் வழியாகவும் கேட்கிறது. அதனால் சில அடி தள்ளி ரெக்கார்டர் வைத்தேன், ஒரு நண்பரை முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி எது மாறியது என்று எழுதச் சொன்னேன். 14ஏ4ஏ-யை அவர் தவறாமல் கண்டுபிடித்தார். 1½சி-யைப் பெரும்பாலும். 5சி-யையும் 3சி-யையும் பிரிக்கவே முடியவில்லை, தாள் சுற்றிய 7சி-யையும் 3சி-யையும்கூடச் சில சமயம்தான். எனக்கு உள்ளே அவ்வளவு வித்தியாசமாகத் தெரிந்தவை வெளியே ஒன்றாகக் கேட்டன. ஆகவே இந்த மூன்றுக்குள் தேர்வு செய்ய நாதம் உதவாது, வாய்க்கு எது சுகம், களைத்த பிறகு எது கைகொடுக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். புதிதாக ஒன்றைப் போட்டவுடன் எல்லாம் அருமையாக இருக்கும் என்பதும் உண்மை, அந்த மயக்கம் தெளிய சில வாரமாவது ஆகும், அதுவரை பழையதைத் தொடாமல் வாசிக்க வேண்டும்.

அப்படி வாசித்து நான் எடுத்தது 3சி. உள்விளிம்பு உருண்டிருப்பது ஒத்திகை முடியும் வரை உதட்டைக் காப்பாற்றுகிறது, அது ஒன்றுதான் காரணம். 7சி தாளோடு பையில் மாற்றாக இருக்கிறது. தாள் எச்சில் ஈரத்தில் நைந்துவிடும், எடுத்துவிட்டு வேறு சுற்ற வேண்டும், இல்லையென்றால் ரிசீவருக்குள் ஒட்டிக்கொண்டு மவுத்பீஸ் சிக்கிவிடும். சிக்கினால் குறடு போட்டு முறுக்காதீர்கள், லீட்பைப்பின் பற்றவைப்பே விட்டுப்போகக்கூடும். அதற்கென்று உள்ள புல்லர் என்ற இழுக்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். இடைவெளி 3-க்குப் பதிலாக 5, 6 என்று அதிகமாக இருப்பவர்களுக்குத் தாள் உதவாது. அவர்களுக்கு ஷேங்கைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அது லேத் வைத்திருக்கும் கருவி பழுதுபார்ப்பவரின் வேலை, உப்புத்தாளால் கையில் தேய்த்தால் வட்டம் போய்விடும்.